பழனி வழியில் முன்பின் தெரியாதவர் நீட்டுவதை வாங்கிக்கொள்வது எப்படி

தைப்பூசத்துக்குப் பழனிக்கு முதல் தடவை நடக்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் காலைப் பற்றித்தான் இருக்கும். செருப்புப் போடலாமா, கொப்புளம் வந்தால் உடைக்கலாமா விடலாமா, ராத்திரி எங்கே படுப்பது. கேட்கவேண்டிய கேள்விகள்தான், பதில் சொல்லவும் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் காரைக்குடியில் தொடங்கி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் போகிற அந்த வழியில், கால்வலிக்கு அடுத்தபடியாக உங்களைச் சோதிக்கப்போவது ஒன்று உண்டு. யார் யாரோ வந்து கையில் எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, இனிமேல் உங்களைப் பார்க்கப்போவதும் இல்லை, ஆனாலும் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளத் தெரியவேண்டும்.

கொடுப்பது புண்ணியம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். வாங்குவதைப் பற்றி யாரும் சொல்லித்தந்ததில்லை, சொன்னதெல்லாம் 'யார்கிட்டயும் போய்க் கைநீட்டி நிக்காதே' என்பதோடு சரி. அதனால்தான் முன்பின் தெரியாத ஒருவர் சும்மா ஒன்றைக் கொடுத்ததும் உள்ளே ஏதோ நெளிகிறது, உடனே பதிலுக்கு எதையாவது கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டு நகரத் தோன்றுகிறது. கொடுத்தவரின் நல்ல மனதை வியந்துவிட்டு நடையைக் கட்டினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, அந்த நேரத்தில் நமக்குள்ளே எது முறுக்கிக்கொள்கிறது என்று கவனிப்பதில் இருக்கிறது. 'நான் யாருக்கும் கடன்படாதவன்' என்ற நினைப்பு நமக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது வேறு எங்கேயும் இவ்வளவு பச்சையாகத் தெரியாது. அது தளர்வதற்குத்தான் இந்த நடை என்று நான் நம்புகிறேன், கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

கிளம்பும்போதே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்

குழுவாகப் போனால் கூடவே ஒரு வேன் வரும். அரிசி, பாத்திரம், சமையல்காரர், பாய், தலையணை, தண்ணீர் கேன், பிஸ்கட் பெட்டி எல்லாம் அதில் இருக்கும். வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது அவசியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல உடம்போடு நடக்கிற உங்களுக்கு எல்லாமே வேனில் இருந்தால், வழியில் யாரிடமும் எதுவும் தேவைப்படாது. யாராவது கூப்பிட்டாலும் 'இருக்குங்க, வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள். அப்படிப் பழனி வரை போய்ச் சேரலாம், சாமியும் பார்க்கலாம், வழியில் ஒரு மனிதரையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மருந்து, டார்ச், செல்போன், அடையாள அட்டை, அவசரத்துக்குப் பணம் இவை கட்டாயம் இருக்கட்டும். இவற்றைக் குறைப்பது பக்தி ஆகாது. அதற்கு மேல் வசதிக்காக எடுத்துவைக்கிற பொருள்களில் ஒன்றிரண்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நொறுக்குத்தீனிப் பை வேண்டாம். தண்ணீர் ஒரு பாட்டில் போதும், காலியானால் கேட்டு வாங்குங்கள். இந்தக் கேட்பது ரொம்ப முக்கியம். பந்தலில் வரிசையில் நின்று வாங்குவது சுலபம், எல்லோரும் வாங்குகிறார்கள், நாமும் வாங்குகிறோம். பந்தல் இல்லாத இடத்தில், ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று 'அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா' என்று கேட்பது வேறு. வார்த்தை தொண்டைக்கு வந்து நிற்கும். அங்கே ஒரு நொடி அந்தத் தயக்கத்தைப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள். வேளாவேளைக்கு எல்லாம் மேஜைக்கு வந்து சேரும்படி வாழ்கிறவருக்கு இது மலையேறுவதைவிடக் கஷ்டம். அவருக்குத்தான் இது அதிகம் தேவையும்கூட.

இன்னொன்று. மாலை போட்டு வேட்டி கட்டிவிட்டால் வழியில் எல்லோரும் உங்களைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை மாலைக்கும் விரதத்துக்கும் உரியது. அதை நம் தலையில் ஏற்றிக்கொண்டு 'சாமிக்கு முதல்ல போடுங்க' என்று அதட்டுகிறவர்களையும் வழியில் பார்ப்பீர்கள், அவர்களிடமிருந்து இரண்டடி தள்ளியே நடங்கள்.

கொடுக்கிற அந்த நிமிடத்தில்

சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் வைத்துக் கல்லுப்பு போட்டிருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களின் காலை எடுத்து டப்புக்குள் வைத்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு இளைஞர், கூச்சப்பட்டு, 'ஐயா நீங்க போய் என் காலைத் தொடலாமா, நானே கழுவிக்கிறேன்' என்றார். பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'சாமி, பின்னாடி ஆள் நிக்குது' என்றார். பையன் காலை வைத்தான். குதிகால் வெடிப்பில் ஏறியிருந்த பொடி ஜல்லியைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி எடுத்தார், பழைய வேட்டிக் கிழிசலால் ஈரத்தை ஒற்றினார், மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெயை விரலிடுக்குகளில் தடவினார், 'ம்' என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டார். நன்றி சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை.

அந்தப் பையனின் கூச்சம் நல்ல குணத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் அந்தக் கூச்சத்தில் நடுநாயகமாக இருப்பது 'நான்': என் கால், என் வயது, என் மரியாதை. பெரியவரின் மனதில் அப்படி எதுவும் இல்லை, அவருக்கு முன்னால் வந்தது காயம்பட்ட ஒரு கால், அவ்வளவுதான். தன்னையும் மறந்து எதிரே இருப்பவர் யார் என்பதையும் மறந்து ஒருவர் செய்கிற வேலையை ஒரு முழ தூரத்தில் பார்ப்பதற்கு வாழ்க்கையில் எத்தனை வாய்ப்பு கிடைக்கும் சொல்லுங்கள்? அதனால் யாராவது இப்படிச் செய்ய வந்தால் காலைக் கொடுங்கள். வாதாடவேண்டாம்.

பொதுவாக வாங்கும்போது நில்லுங்கள். நடந்துகொண்டே பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு கையாலும் வாங்குங்கள், கொடுக்கிறவர் முகத்தைப் பாருங்கள். தொன்னையில் கொடுத்த பொங்கலை அங்கேயே ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவர்களுக்கும் நீங்கள் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும் என்றிருக்கும். சொல்வதற்குப் பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், 'நல்லாயிருக்குங்க' போதும். வயதானவர்கள் என்றால் ஒரு கும்பிடு.

பர்ஸைத் தொடாதீர்கள். இது எனக்கு ரொம்பக் கறாரான விஷயம். மோர் கொடுத்த பெண்ணிடம் இருபது ரூபாயை நீட்டினால் அவர் ஒரு அடி பின்னால் போவதைப் பார்க்கலாம். அந்த இருபது ரூபாய் அவருக்காக நீட்டியது கிடையாது, நம் மனசு இலேசாவதற்கு நீட்டியது. அந்தக் கனம் கொஞ்ச தூரம் நம்மோடு வரட்டும். சில அன்னதானப் பந்தல்களில் உண்டியல் இருக்கும், அது நாளைக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட, அதில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கை கழுவிய கையோடு போடாமல், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பும்போது போடுங்கள். உடனே போட்டால் விலை கொடுத்தாயிற்று என்று மனம் அந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடும்.

செல்ஃபியும் வேண்டாம். கூடவே, 'நீங்க தெய்வம்மா' என்று உருகுவதையும் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைத் தெய்வமாக்கிவிட்டால், அது ஒரு மனுஷி செய்த காரியம் என்பது மறந்துபோகிறது. தெய்வம் செய்ததை நாம் செய்யவேண்டியதில்லையே. பக்கத்து ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, இடுப்பு வலியோடு, ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் நின்று மோர் ஊற்றுகிறவர் அவர். அதை அப்படியே மனுஷியின் வேலையாக வைத்துப் பார்த்தால்தான் அது நம்மை நோக்கியும் திரும்பும்.

சில பேர் கொடுத்துவிட்டு ஒன்று கேட்பார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பாட்டி, எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலாக மடித்த பத்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். மஞ்சள் தடவியிருந்தது. 'முட்டி முடியலய்யா, மலையேற மாட்டேன். உண்டியல்ல போட்டுட்டு என் பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுருங்க' என்றார், பேரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, முருகனுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. இப்படி யாராவது கொடுத்தால் மறுக்காமல் வாங்குங்கள். உங்கள் பணத்தோடு கலக்காமல் வேட்டித் தலைப்பில் தனியாக முடிந்துவையுங்கள், மேலே போனதும் உங்கள் காணிக்கைக்கு முன்னால் அதைப் போடுங்கள். படியேறும்போது அந்த முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நம் வேண்டுதல் நம் காலில் போகிறது, அவர் வேண்டுதலும் நம் காலில்தான் போகிறது.

அன்னதானம் செய்கிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை உண்டு. குழந்தை பிறந்ததற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, பையன் குடியை விட்டதற்கு. நடந்து வருகிறவர் வயிற்றில் விழுகிற சோறு முருகனுக்குப் போய்ச்சேரும் என்று நம்பித்தான் விடியவிடிய அடுப்பில் நிற்கிறார்கள். ஆகவே நீங்கள் வாங்கிச் சாப்பிடுவதும் அவர்களுக்குச் செய்கிற ஒரு காரியம். இது புரிந்துவிட்டால் வாங்கும்போது இருக்கிற அந்த நெளிவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

கண்ணில் படாத உதவிகள்

கையில் கொடுப்பது மட்டும்தான் உதவி என்று நினைத்தால் நிறையத் தவறிப்போகும். இருட்டில் நடக்கும்போது எதிரே வருகிற லாரி, நம்மைப் பார்த்ததும் ஹைபீமை இறக்கி, ஓரத்திலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறது. அந்த ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாது, நன்றி சொல்ல அவர் நிற்கவும் மாட்டார். ராத்திரி முழுக்க ரோட்டில் கூட்டம் கூட்டமாக ஆள் நடக்கிறது, அவருக்கு விடிவதற்குள் லோடு இறக்கவேண்டும், தூக்கம் வேறு. அத்தனைக்கும் நடுவில் அந்த விரல் சுவிட்சைத் தட்டியிருக்கிறது. அடுத்த தடவை லைட் இறங்குவதைப் பார்த்தால் ஒரு கையைத் தூக்குங்கள், அவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

நம் தோள்பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிற போலீஸ்காரர், குளிப்பதற்காகப் பம்ப்செட்டை ஓடவிட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிற விவசாயி, 'சார்ஜ் போட்டுக்கங்க, பத்திரமா இருக்கும்' என்று சொல்கிற செல்போன் கடைக்காரர், இவர்களையும் கணக்கில் சேருங்கள். நத்தத்துக்கு முன்னால் ஒரு முஸ்லிம் பாயின் டீக்கடையில், வியாபார நேரத்தில், கடை பெஞ்சுகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு நடந்து வருகிறவர்களை உட்காரச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். டீ வாங்குகிறார்களா என்று அவர் பார்க்கவே இல்லை.

எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது, காலையில் தொன்னையையும் பேப்பர் கப்பையும் அள்ளுகிற தூய்மைப் பணியாளர்கள். அதற்கு அடுத்தது, ரோட்டோரத்திலேயே வீடு வைத்திருக்கிறவர்கள். தை மாதத்தில் அவர்கள் வீட்டு வாசலில் எந்நேரமும் பாட்டு, கூட்டம், விடியற்காலையில் அவர்கள் தோட்டத்துப் பக்கம் ஒதுங்குகிற ஆட்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த வீடுகளில்தான் தூங்கவேண்டும். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் பொறுத்துப்போவது ஒரு சட்டி சாம்பார் சாதத்துக்குக் குறைந்த உதவியா என்ன? ஏதாவது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு, கதவைச் சாத்திவிட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், மனம் கசக்காது.

ராத்திரி படுத்தபிறகு

காலெல்லாம் கடுகடுக்கும்போது தியானம் வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். தூங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு நடந்ததில் ஒரே ஒரு உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதாக இருக்கவேண்டியதில்லை. அதை முதலிலிருந்து கடைசி வரை மெதுவாக நினைத்துப் பாருங்கள்: அவர் எங்கே நின்றார், கையில் என்ன வைத்திருந்தார், என்ன சொன்னார். 'மக்கள் எவ்வளவு நல்லவர்கள்' என்று பொதுவாக நினைத்தால் அது காற்றோடு போய்விடும். சுக்குக் காபி கொடுத்தவர் டம்ளரை நீட்டும்போது சூடு படாமல் இருக்க முந்தானையைச் சுற்றிக் கொடுத்தாரே, அது மனதில் நிற்கும்.

அப்புறம் அதற்காக அவர் எதை விட்டார் என்று பாருங்கள். தூக்கத்தையா, ஒரு நாள் கூலியையா, சீசன் வியாபாரத்தையா. அதன்பிறகு, கொஞ்சம் கடினமான இடம்: அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், என் வீட்டு வாசலில் விடியற்காலை மூன்று மணிக்கு முன்பின் தெரியாத நாலு பேர் வந்து நின்றிருந்தால், நான் கதவைத் திறந்திருப்பேனா? பதிலைத் திருத்தவேண்டாம், வருகிற பதிலோடு அப்படியே படுத்துத் தூங்குங்கள். அன்றைக்கு எந்தப் பாடமும் கிடைக்காமல் போகலாம். வலுக்கட்டாயமாக அர்த்தம் பிழிந்தெடுக்கவேண்டாம். சில உதவிகளின் அர்த்தம் வீட்டுக்கு வந்து, மாதங்கள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு நேரத்தில் தெரியவரும்.

எனக்கு அந்த நேரத்தில் அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் அப்பூதியடிகள். திருவையாற்றுப் பக்கத்தில் இருக்கிற திங்களூர்க்காரர், அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் கண்டதுகூட இல்லை, கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் அவர் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் திருநாவுக்கரசர் பெயர், மடத்துக்கு அந்தப் பெயர், பெற்ற பிள்ளைகளுக்கும் அதே பெயர். அந்த வழியாகக் களைத்து நடந்துவந்த திருநாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், உங்கள் பெயரை வைக்காமல் வேறு ஒருவர் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று கேட்கிறார். வந்திருப்பவர் யார் என்று தெரியாத அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. பலரும் இதை ஒரு பக்தரின் அன்பைக் காட்டுகிற கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பந்தல்தான். காசும் உழைப்பும் தன்னுடையது, பெயர் தன்னுடையது இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஆயிரம் பேருக்கு யார் கொடுத்தது என்றே தெரிந்திருக்காது, அதை அவர் விரும்பியிருக்கிறார். இன்றைக்கும் பழனி வழியில் பெரிய பெரிய பேனரில் படமும் பெயரும் போட்ட பந்தல்கள் உண்டு, அங்கேயும் சோறு சோறுதான், மரியாதையாக வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு திண்ணையில் யாராவது கூப்பிட்டால் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருங்கள்.

அதே தைப்பூச நாளில் வடலூரில் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் நடக்கும். அங்கே வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்காமல் பசி என்று வந்தவருக்குச் சோறு. ஒரே நாளில் ஒரு பக்கம் முருகனைப் பார்க்க மலையேறுகிறார்கள், இன்னொரு பக்கம் பசித்தவனுக்குச் சோறு போட்ட இடத்தில் ஜோதி பார்க்கிறார்கள். எனக்கு இவை இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம்

வாங்கப் பழகுங்கள் என்று சொன்னதால் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கவேண்டும் என்று அர்த்தமில்லை. தனியாக நடக்கிற பெண்கள், இளவயதினர் ராத்திரியில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து யார் வீட்டுக்குள்ளும் போகவேண்டாம், வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னாலும் வேண்டாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கொடுக்கப்படுவதை வாங்குங்கள், தனியே கூப்பிட்டுக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் நகர்ந்துவிடுங்கள், அதில் பக்தி ஒன்றும் குறைந்துபோகாது. கெட்டுப்போன வாடை வருகிற சாப்பாட்டை, கொடுத்தவர் மனம் நோகுமே என்று விழுங்கிவிட்டு வயிற்றுப்போக்கில் படுக்கவும் வேண்டாம்.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நின்று, கைகூப்பி, 'இப்பத்தான் சாப்பிட்டேன்மா, வயித்துல இடமில்ல' என்று சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவதும், வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போட்டுவிடுவதும் பார்க்கவே பொறுக்காது. நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ரோட்டோரத்தில் பாதி தின்ற புளியோதரைத் தொன்னைகள் கிடப்பதைப் பார்க்கும்போது, அதற்காக ராத்திரி இரண்டு மணிக்குப் புளி கரைத்தவர் இந்த வழியாக வரக்கூடாதே என்றுதான் தோன்றும்.

நாலாவது நாள் வாக்கில் இன்னொன்று நடக்கும், இதற்குத் தயாராக இருங்கள். வாங்கி வாங்கிப் பழகிப்போய் எதிர்பார்ப்பு வந்துவிடும். 'நேத்து ஊர்ல வடையோட போட்டாங்க, இங்க வெறும் தயிர்ச்சோறா' என்று நம் வாயிலேயே வரும். முதல் நாள் ஒரு டம்ளர் மோருக்குக் கலங்கிய அதே ஆள்தான். இது வந்துவிட்டால் பேசிச் சரிசெய்ய முடியாது, வேலைதான் மருந்து. அடுத்த பந்தலில் சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பக்கம் போய், 'அரைமணி நேரம் நான் பரிமாறட்டுமா' என்று கேளுங்கள். கரண்டி கைக்கு வந்துவிடும். குனிந்து குனிந்து நாற்பது பேருக்குப் போட்டபிறகு தயிர்ச்சோறு பற்றிப் பேச்சு வராது.

வேறு பயணம் போகிறவர்களுக்கு

பழனியைச் சொன்னேனே தவிர, இது எந்த வழிக்கும் பொருந்தும். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதே அன்பைத்தான் பார்க்கிறார்கள், கொடுப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாகவே இருக்கமாட்டார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்தின் 14 கிலோமீட்டரிலும் இது உண்டு. யாத்திரையாகவே இருக்கவேண்டியதும் இல்லை. அன்ரிசர்வ்டு பெட்டியில் ராத்திரி முழுக்க நின்று வருகிறவரைப் பார்த்து, ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருக்கிற சீட்டில் 'இப்படி ஒட்டி உக்காருங்க தம்பி' என்று ஒருவர் நகர்வாரே, அங்கேயும் இதே பாடம்தான் நடக்கிறது. நகர்ந்த இடம் அரை அடி இருக்கும், விடியும்வரை அவருக்கு அந்தப் பக்கத்துத் தோள் வலிக்கும்.

திரும்பி வந்தபிறகு

கொடுத்தவர்களைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்க முடியாது, தேடவும் வேண்டாம். அந்தக் கடன் அப்படியே இருக்கட்டும். ஆனால் அடுத்த தையில் நடக்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஒரு ராத்திரியாவது அந்த ரோட்டில் மறுபக்கம் நில்லுங்கள். பெரிய செலவு வேண்டாம். சோறு போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதியச் சொல்வார்கள், அதற்கு ஆள் பலமும் வேண்டும், முதல் தடவைக்கு அது வேண்டாம். தண்ணீரும் சுக்குக் காபியும், இரண்டு டப் வெந்நீரும், கல்லுப்பும், பஞ்சும், கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும்.

இடம் பார்ப்பதுதான் முக்கியம். ஊருக்குள்ளே ஏற்கெனவே பந்தல் வரிசையாக இருக்கும், அங்கே போய் இன்னொன்று போட்டால் சாப்பாடுதான் வீணாகும். இரண்டு ஊருக்கு நடுவே, விளக்கில்லாத, கடை இல்லாத இடமாகப் பாருங்கள். நேரம் விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை, அப்போதுதான் குளிர் கடுமையாக இருக்கும், நடக்கிறவர்களுக்குத் தளர்ச்சியும் அப்போதுதான் வரும், கொடுக்கிறவர்களும் தூங்கப் போயிருப்பார்கள். தார்ச்சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள், மங்கலான விளக்கு ஒன்று வையுங்கள், லாரிக்காரர் கண்ணில் அடிக்காத மாதிரி. கூவிக் கூவிக் கூப்பிடவேண்டாம், வருகிறவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஜபம் பண்ணிக்கொண்டு நடக்கிறவர்களும் இருப்பார்கள். கிளம்பும்போது கப்பையெல்லாம் பொறுக்கிப் போட இரண்டு சாக்கு எடுத்துப் போங்கள், ஒன்று பத்தாது.